வீட்டுக் குழுவில் வேதம் வாசித்தால் யார் கதைக்கலாம்?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கிழமைக்கு ஒரு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடி நற்செய்தி வாசித்துச் செபிக்கிறீர்கள். பங்குத்தந்தைக்குப் பல கோயில்கள் இருப்பதால் எப்போதாவதுதான் வருகிறார். வாசித்து முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முக்கால் மணித்தியாலம் விளக்கம் சொல்கிறார், மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரையும் கதைக்க விடலாமே என்று நீங்கள் சொன்னதற்கு, "படிக்காத சனம் தன்பாட்டுக்கு விளக்கம் சொன்னால் பிழையாகிவிடாதா" என்று அவர் கேட்டிருக்கிறார். போன மாதம் ஓர் அம்மா நடுவிலே அழத் தொடங்கியபோது என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் கேட்பது குழு நடத்தும் முறையை மட்டுமல்ல. குருவானவர் இல்லாத இடத்தில் சாதாரண ஆட்கள் வேதத்தைப் பற்றி வாய் திறந்தால் அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குருவானவரல்ல, மறைக்கல்விப் பயிற்சி பெற்ற ஒரு பொதுநிலையாள். வவுனியா, மடுப் பக்கத்துக் குழுக்களோடும், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குழுக்கள் சிலவற்றோடும் பல வருடமாக இருந்து வருகிறேன். கத்தோலிக்கப் பழக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். நீங்கள் வேறு சபையென்றாலும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லோரும் கதைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் விளக்கம் சொல்லக் கூடாது, உங்கள் ஆசிரியர் உட்பட. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகக் கதைக்கலாம். இதை எழுதியவர் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், என்ன கருத்தில் எழுதினார் என்பது ஒன்று. இதைக் கேட்டபோது எனக்குள் என்ன நடந்தது என்பது மற்றது. முதலாவதற்குப் படிப்பு வேண்டும். திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி எசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், பிலிப்பு வந்து விளங்குகிறதா என்று கேட்கிறார், ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்கிறார் அவர். ஆகவே ஆசிரியருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவதற்கு உண்மையாகப் பேசும் மனம் போதும். கையெழுத்து வைக்கத் தெரியாத ஒரு பாட்டியும் அதைச் செய்யலாம், சில வேளை எங்களைவிட நன்றாகவே செய்வார்.

திருச்சபையின் போதனையும் இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், எழுதியவரின் கருத்தையும் அவர் கையாண்ட இலக்கிய வகையையும் கவனிக்க வேண்டும் என்று 12ஆம் எண் சொல்கிறது. அதிகாரபூர்வமாக விளக்கும் பொறுப்பு திருச்சபையின் ஆசிரியத்துக்கு, அதாவது திருத்தந்தையும் ஆயர்களும் கொண்ட போதனை அதிகாரத்துக்கு, உரியது என்கிறது 10ஆம் எண். அதே ஏட்டின் 25ஆம் எண், எல்லா விசுவாசிகளும் அடிக்கடி வேதம் வாசிக்க வேண்டும், வாசிப்போடு செபமும் சேர வேண்டும், அப்போதுதான் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் உரையாடல் நடக்கும் என்கிறது. பாதர் வரும் வரை புத்தகத்தை மூடி வையுங்கள் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை.

சரி, எப்படிச் செய்வது? எங்கள் பக்கத்தில் அதிகம் கையாள்வது ஏழு படி முறை. இது 1970களில் தென்னாபிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையத்தில் ஃபிரிட்ஸ் லோபிங்கர், ஓஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரண்டு குருக்களால் உருவாக்கப்பட்டது. குருக்கள் குறைவாகவும் ஊர்கள் தூரதூரமாகவும் இருந்த இடத்துக்காகச் செய்த முறை என்பதால் வன்னிக்கு நன்றாகவே பொருந்துகிறது. முதலில் யாராவது ஒருவர் தன் சொந்த வார்த்தையில் ஆண்டவரை அழைத்துச் செபிக்கிறார். பிறகு பகுதியை ஒருவர் வாசிக்கிறார். மூன்றாவதாக, மனதைப் பிடித்த ஒரு சொல்லையோ சிறு வரியையோ ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்கிறார்கள், விளக்கம் எதுவுமில்லாமல். நாலாவது மௌனம். ஐந்தாவதில்தான் மனதைத் தொட்டதைப் பகிர்கிறோம். ஆறாவதில் குழுவாக எதைச் செய்ய வேண்டும் என்று கதைக்கிறோம். கடைசியில் எல்லோரும் செபித்து முடிக்கிறோம்.

மூன்றாம் படியைக் குழந்தைத்தனமென்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கூட்டத்தில் வாயே திறக்காதவர் முதன்முதலாகத் திறப்பது அங்கேதான். "பயப்படாதீர்கள்" என்று ஒரு சொல்லை மட்டும் சொல்ல யாருக்கும் துணிவு வேண்டியதில்லை. அதைச் சொல்லிப் பழகியவர் நாலைந்து கூட்டத்துக்குள் ஐந்தாம் படியிலும் ஒரு வரி சொல்லத் தொடங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரே சொல்லைப் பலர் சொன்னாலும் பரவாயில்லை. மூன்று பேர் ஒரே வரியில் நின்றால் அன்றைக்கு அந்த வரியில் ஏதோ இருக்கிறது.

மௌனத்தைத்தான் எங்கள் ஆட்கள் தாங்கமாட்டார்கள். அரை நிமிடத்தில் ஒருவர் பாட்டைத் தொடங்கிவிடுவார். வழிநடத்துபவர் மணிக்கூட்டைப் பார்த்து மூன்று நிமிடமாவது பிடித்து வைக்க வேண்டும், முதலிலேயே "மூன்று நிமிடம் சும்மா இருப்போம்" என்று சொல்லிவிட்டால் ஆட்களுக்கும் பதற்றம் குறையும். இது புதிய சரக்குமல்ல. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் கைகோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்ந்து இருத்தல் என்று நாலு படியுள்ள ஏணியாக வேத வாசிப்பை விவரித்தார். வாசித்தவுடன் கதைக்கத் தொடங்கினால் நடுப்படிகள் எல்லாம் போய்விடும்.

இனி உங்கள் ஆசிரியர். அவரை ஓரங்கட்டினால் குழு உடையும். அவருடைய அறிவும் உங்களுக்குத் தேவை. நான் வழமையாகச் சொல்வது, பகுதியை வாசிக்க முன் ஐந்து நிமிடம் அவருக்குக் கொடுங்கள், ஐந்தே நிமிடம். இந்தப் பகுதி எங்கே வருகிறது, முன்னால் என்ன நடந்தது, தெரியாத சொல், ஊர், வழக்கம் ஏதாவது இருந்தால் அது என்ன, இவ்வளவும் போதும். அதன் பிறகு அவரும் மற்றவர்களைப் போல "எனக்கு" என்று தொடங்கித்தான் பேச வேண்டும். "இயேசு இங்கே எங்களுக்குக் கற்பிப்பது என்னவென்றால்" என்று யார் தொடங்கினாலும், வழிநடத்துபவர் சிரித்துக்கொண்டே "அது உங்களுக்கு என்ன செய்தது ஐயா?" என்று கேட்கலாம். படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி சரியான கஷ்டம். ஆனால் நாற்பது வருடம் படிப்பித்த ஒருவர் தன் பயம் ஒன்றைப் பற்றி இரண்டு வரி சொன்னால், அன்றைக்குக் கூட்டத்தில் நடப்பது எந்தப் பிரசங்கத்திலும் நடக்காது.

இதற்கு இன்னொரு உதவியும் உண்டு. 2023, 2024 ஒக்டோபர் மாதங்களில் வத்திக்கானில் கூடிய ஆயர் மாமன்றத்தில் வட்ட மேசைகளில் இருந்து கதைத்த முறை அது, ஆவியாரில் உரையாடல் என்கிறார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் செபத்தில் கண்டதைச் சொல்வார், யாரும் மறுமொழி சொல்வதில்லை. மௌனத்துக்குப் பிறகு இரண்டாம் சுற்றில், மற்றவர்கள் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்பதை மட்டும் சொல்வார். மூன்றாம் சுற்றில்தான் சேர்ந்து கதைத்து ஒரு முடிவுக்கு வரப் பார்ப்பார்கள். வேதப் பகிர்வைவிட, ஒரு விடயத்தில் முடிவெடுக்க வேண்டிய கூட்டங்களுக்கே இது நல்லது. ஆனாலும் அந்த இரண்டாம் சுற்றை எங்கள் வீட்டுக் குழுக்களில் இடைக்கிடை சேர்த்துப் பார்த்திருக்கிறேன். மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் ஆட்கள் காது கொடுக்கிறார்கள்.

வசனத்தைச் சூழலிலிருந்து பிடுங்குவதுதான் நான் அதிகம் காணும் பிழை, அதில் படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசமில்லை. எரேமியா 29:11ஐ எடுங்கள். உங்களுக்கு நல்வாழ்வும் எதிர்காலமும் தருவதே என் எண்ணம் என்று ஆண்டவர் சொல்லும் அந்த வசனம் வன்னியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் கலண்டரில் தொங்குகிறது. அதற்கு முந்திய வசனத்தை வாசித்தவர்கள் குறைவு. பாபிலோனில் எழுபது ஆண்டு முடிந்த பிறகுதான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது அது. இன்னும் மேலே போனால், 5ஆம் வசனத்தில், போன இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்று இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்கிறார். 11ஆம் வசனத்தை மட்டும் வாசித்தால் விசா கிடைக்கும், வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியாகிவிடும். முழுக் கடிதத்தையும் வாசித்தால், பல தடவை இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்திலும் கத்தரிக்கன்று வைத்த எங்கள் சனத்துக்கு அது வேறு விதமாகக் கேட்கும். ஆகவே எந்தப் பகுதியானாலும் முன்னும் பின்னும் பத்து வசனமாவது அந்த ஐந்து நிமிடத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகிர்வில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லவோ திருத்தவோ கூடாது என்பது பொது விதி. சிறிய பிழைகளை விட்டுவிடுங்கள். யோர்தான் எங்கே இருக்கிறது என்று ஒருவர் மாற்றிச் சொன்னால் வானம் இடிந்து விழாது. ஆனால் ஓர் இடத்தில் இந்த விதியை மீறியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. "எங்கள் பாவத்துக்குத்தான் கடவுள் முள்ளிவாய்க்காலைத் தந்தார்" என்று யாராவது சொன்னால் சும்மா இருக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அதே பாயில் இருப்பார். லூக்கா 13இன் தொடக்கத்தில் இதே கேள்வி இயேசுவிடம் வருகிறது. பலி செலுத்திய கலிலேயரைப் பிலாத்து கொன்றான், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். யோவான் 9இல் பிறவிக் குருடன் விடயத்திலும் அப்படித்தான். லூக்கா 13இல் மனம் மாறச் சொல்கிறார்தான், ஆனால் அதை உயிரோடு இருந்து கேட்டவர்களுக்குச் சொன்னார், செத்தவர்களைக் குற்றவாளியாக்கவில்லை. அந்த வசனங்களை மெதுவாக வாசித்துவிட்டு மேலே போங்கள். சொன்னவரோடு வாதாட வேண்டாம், அநேகமாக அவரும் தன் வேதனையிலிருந்துதான் அதைச் சொல்லியிருப்பார்.

அழுத அந்த அம்மாவைப் பற்றி. வன்னியில் எந்தக் குழுவிலும் இது வரும், வராவிட்டால்தான் நான் யோசிப்பேன். அழுகை வந்தவுடன் மற்றவர்கள் ஒரு வசனத்தைத் தேடி நீட்டுகிறார்கள், அல்லது பாட்டுப் பாடுகிறார்கள். இரண்டும் அழுபவரின் வாயை மூடத்தான் உதவும். இயேசுவின் சாவுக்குப் பிறகு எம்மாவு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு சீடரோடு (லூக்கா 24) அவர் செய்ததைப் பாருங்கள். கூட நடக்கிறார், என்ன கதைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார், அவர்கள் முகம் வாடி நிற்கிறார்கள். நடந்ததெல்லாவற்றையும், நாங்கள் எதிர்பார்த்திருந்தோமே என்பது வரைக்கும், அவர்கள் சொல்லி முடிக்க விடுகிறார். அதன் பிறகுதான் மோசே தொடங்கி மறைநூலை விளக்குகிறார். நீங்களும் அழுபவரை அழ விடுங்கள். பக்கத்தில் இருக்கும் பெண் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அவர் அடங்கியதும் தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். கூட்டம் முடிந்து அவர் தனியாக வீட்டுக்குப் போகாமல் ஒருவர் கூடப் போக வேண்டும். நாலைந்து கூட்டத்துக்குப் பிறகு அழுகையோடு கோபத்தையும் சேர்த்து வாசிக்க ஒரு பகுதி தேடினால் திருப்பாடல் 88 இருக்கிறது, ஆறுதல் வரி எதுவுமில்லாமல் இருளிலேயே முடியும் செபம் அது. அதையும் சேர்த்துத்தான் திருச்சபை செபமாக வைத்திருக்கிறது.

இதில் என் எல்லையையும் சொல்ல வேண்டும். நான் உளவள ஆலோசகன் அல்ல, உங்கள் குழுவும் சிகிச்சை நிலையமல்ல. ஒருவர் நித்திரையில்லாமல், சாப்பாடில்லாமல் இருந்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிக் கதைத்தால், செபத்தோடு விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம். இதை விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் இருந்தால், அவர்கள் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

இங்கே கதைத்தது இங்கேயே இருக்க வேண்டும் என்பதைக் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் சொல்லுங்கள். யார் யாரோடு கதைத்தார், என்ன கதைத்தார் என்று விசாரிக்கப்பட்ட காலத்தை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. யாரும் போனில் பதிவு செய்யக் கூடாது. ஒருவருடைய பகிர்வை வட்ஸ்அப் குழுவில் செப வேண்டுதலாகப் போடுவதும் கூடாது, அது நல்லெண்ணத்தில் செய்தாலும். கதைக்க விரும்பாதவர் "நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருக்கலாம்.

ஆறாம் படியில் பெரிய திட்டம் போட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, ஒரு குழுவில் லூக்கா 18 வாசித்தோம். நீதிபதியிடம் விடாமல் போய் நீதி கேட்கும் கைம்பெண்ணின் உவமை. ஒரு தாய், "அவள் தனியப் போனவள், நாங்கள் கூட்டமாகப் போகிறோம்" என்றார். அன்றைக்கு எடுத்த முடிவு, அவர் போராட்டக் கொட்டகையில் இருக்கும் நாட்களில் முறை வைத்து அவருடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான். அடுத்த கிழமை கூடும்போது, செய்தோமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதைக் கேட்காத குழுக்கள் மெல்ல மெல்லப் பக்திக் கதையாக மாறிவிடுகின்றன.

இவ்வளவும் நான் துணிந்து சொல்லக்கூடியவை. துணிந்து சொல்ல முடியாதது, மனதைத் தொட்ட அந்தச் சொல் ஆண்டவர் தந்ததா, என் ஆசை தந்ததா என்பது. இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடும். ஆவியின் செயலைத் தடுக்க வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல் (1 தெசலோனிக்கர் 5). அந்தச் சோதனைக்குக் காலம் வேண்டும். சில மாதத்துக்குப் பிறகும் அது ஒருவரைப் பொறுமையுள்ளவராக, இரக்கமுள்ளவராக ஆக்குகிறதா என்று பார்க்கலாம், அதுவும் முழு நிச்சயமில்லை. "ஆண்டவர் எனக்குக் காட்டினார், நீ இந்தக் கலியாணத்தைச் செய்யாதே" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லத் தொடங்கினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். எனக்கு வந்த சொல் எனக்குத்தான்.

உங்கள் குழுவில் மெதடிஸ்த குடும்பம் ஒன்றும் வருவதாக எழுதியிருந்தீர்கள், அவர்களுக்கு இது புதிதாக இராது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு வகுப்புகளைத் தொடங்கினார். கோயில் கட்டிய கடனை அடைக்கக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்ப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. காசு சேர்க்கப் போன இடத்தில் ஆன்மா எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் பழக்கம் உண்டானது. வேதாகமத்தை அவர்கள் தங்கள் பதிப்பிலேயே வாசிக்கட்டும், இரண்டையும் கேட்பதில் நட்டமில்லை. மாதா, திருத்தந்தை என்று வாதம் கிளம்பினால் அதைக் கூட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். யானை இறங்கும் ஊரென்றால் பொழுது படமுன் முடித்துவிட வேண்டும். அரிவு வெட்டு நாட்களில் ஆட்கள் குறைவார்கள், மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். பதில் தெரியாத கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, பாதர் வரும்போது ஒன்றாகக் கேளுங்கள். தொடங்க மாற்கு 10:46–52 நல்ல பகுதி, பார்வையற்ற பர்த்திமேயு. வாயை மூடு என்று பலர் அதட்டியும் அவர் கத்துகிறார், இயேசு நின்று, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அந்த வாசகத்தை முதல் நாள் உங்கள் ஆசிரியரையே வாசிக்கச் சொல்லுங்கள்.